உளநலமும் கருவியும்: மாத்தளைப் பெருந்தோட்டங்களை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

1

உளநலம் பேணுதற்குக் கைத்தொலைபேசியையும் கணினியையும் பயன்படுத்தும் முயற்சிகள் கடந்த இரு தசாப்தங்களில் உலகெங்கும் பெருகியுள்ளன. தொலைபேசிவழி உளவளத்துணை, மனச்சோர்வை அளவிடும் வினாக்கொத்துகள், இரவிலும் பகலிலும் உரையாடும் செயலிகள் எனப் பல்வேறு வடிவங்களில் இவை மக்களை வந்தடைகின்றன. இவற்றை வளர்ந்தோர் ஏற்றுக்கொள்கின்றனரா, ஏற்காதவிடத்து அதற்கான காரணங்கள் யாவை என்னும் வினா இன்று ஒரு தனி ஆய்வுத்துறையாகவே வளர்ந்துள்ளது.

இத்துறையினர் பெரிதும் எடுத்தாளும் கோட்பாடுகளுள் ஒன்று 1989 இல் பிரெட் டேவிஸ் விரிவாக முன்வைத்த தொழில்நுட்ப ஏற்பு மாதிரியாகும். ஒருவர் ஒரு கருவியைப் பயன்படுத்துவாரா என்பதை இரண்டு எண்ணங்கள் தீர்மானிக்கின்றன என்பது அதன் சாரம்: அக்கருவி தமக்குப் பயன்தரும் என்ற எண்ணம் ஒன்று, அதைக் கையாளுதல் எளிது என்ற எண்ணம் மற்றொன்று. அலுவலக ஊழியர் கணினி மென்பொருளை எவ்வாறு ஏற்கின்றனர் என்பதை விளக்க எழுந்த இம்மாதிரி தனக்குரிய களத்திற் பயனற்றதன்று. ஆயின், அலுவலக ஊழியரிடம் மேசை இருக்கிறது, அறை இருக்கிறது, கருவியைப் பழகுவதற்குரிய நேரத்துக்குச் சம்பளம் கிடைக்கிறது. இவை யாவும் ஏற்கெனவே உள்ளனவென்று கொள்ளப்பட்ட பின்னரே அவரது மனப்பாங்கு ஆராயப்படுகிறது. இவை எவையுமில்லாத ஒரு சமூகத்துக்கு அதே மாதிரியைப் பொருத்தும்போது, சமூக உறவுகளில் உள்ள குறை தனிமனிதரின் மனப்பாங்கிலுள்ள குறையாகத் தோற்றம் கொள்கிறது. 'விழிப்புணர்வு போதாது', 'தயக்கம் மிகுதி' என்ற வழக்கமான முடிவுகள் இவ்வாறு பிறப்பவையே.

இக்கட்டுரை அவ்வினாவை வரலாற்றின் வழியே அணுக முயல்கிறது. ஒரு சமூகம் கருவியை ஏற்கிறதா என்று கேட்பதற்கு முன்னர், அக்கருவி முற்கற்பிதமாகக் கொள்ளும் வாழ்நிலைகள் அச்சமூகத்துக்கு எப்போதேனும் வழங்கப்பட்டனவா என்று கேட்டல் வேண்டும். அவ்வாறு கேட்பதற்கு மாத்தளை மாவட்டம் மிகப் பொருத்தமானதொரு களமாகும்.

2

இலங்கையின் பெருந்தோட்ட வரலாற்றில் மாத்தளை ஒரு வாயிலாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கெனத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்ப் பகுதியிற் கரையிறங்கி, காடுகளினூடே நடந்து, தம்புள்ளை, நாலந்தை ஆகிய இடங்களைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். வழியிலே காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் பசிக்கும் இரையானோர் பல்லாயிரவர். இறந்தோரின் தொகை குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டெனினும், அப்பாதை சாவின் பாதையாக மலையக மக்களின் நினைவிற் பதிந்துள்ளமை குறித்து வேறுபாடில்லை. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலும் அவ்வழிநடையின் நினைவுகளோடு சேர்த்தே பேசப்படுகிறது. 1848 யூலையிற் புதிய வரிகளை எதிர்த்துச் சிங்கள விவசாயிகள் கிளர்ந்தெழுந்ததும் இதே மாத்தளையிலேயாம். நிலத்தை இழந்தவனும் நிலமேயில்லாது கொண்டுவரப்பட்டவனும் ஒரே மலைச்சாரலில், ஒரே முதலாளித்துவ விரிவின் இரு விளைவுகளாக, ஒருவரையொருவர் அறியாது வாழத் தலைப்பட்டனர்.

இச்சமூகத்தின் உடலையும் மனத்தையும் குடியேற்ற அரசு எவ்வாறு நோக்கிற்று என்பதைக் காட்டும் இரு சட்டங்கள் அடுத்தடுத்த ஆண்டுகளிலே தோன்றின. 1872 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டப் பகுதிகளில் வைத்தியசாலைகளையும் மருத்துவ உத்தியோகத்தரையும் ஏற்படுத்த வழிசெய்தது. தொழிலாளரின் மரணவீதம் தோட்ட முதலுக்கு நட்டத்தை விளைவித்தது என்பதும், ஆள் சேர்ப்பதற்கான செலவைக் குறைக்க வேண்டுமாயின் சேர்த்த ஆளை உயிரோடு வைத்திருத்தல் வேண்டும் என்பதும் இச்சட்டத்தின் பின்னணியில் நின்றன. தொழிலாளியின் உடல் இங்கு உழைப்புச் சக்தியின் கொள்கலனாகக் கணிக்கப்பட்டது.

1873 ஆம் ஆண்டின் சித்தசுவாதீனமற்றோர் தொடர்பான கட்டளைச் சட்டம் வேறொரு திசையிற் சென்றது. ஒருவரின் மனநிலை பிறழ்ந்ததா என்பதை மாவட்ட நீதிமன்றம் விசாரித்து, தேவையெனக் கண்டால் அவரைக் காப்பகத்துக்கு அனுப்பும் ஏற்பாட்டை அது வகுத்தது. நோயுற்ற உடலுக்கு வைத்தியரை நியமித்த அரசு நோயுற்ற மனத்துக்கு நீதவானை நியமித்தது எனலாம். வேலை செய்யும் மனம் கணக்கில் வரவில்லை. ஒழுங்கைக் குலைக்கும் மனம் மட்டுமே கணக்கில் வந்தது. துயரத்தோடு கொழுந்து கிள்ளும் ஒருத்தி இவ்விரு சட்டங்களுள் எதனுள்ளும் அடங்கமாட்டாள். அவளுடைய உடல் நிமிர்ந்து நிற்குமட்டும் மருத்துவத்துக்கு அவள் தேவையில்லை. அவள் தெருவிலே கூச்சலிடாத மட்டும் நீதிமன்றத்துக்கும் அவள் தேவையில்லை. இவ்விடைவெளி அக்காலத்து அரசின் கவனக்குறைவாற் பிறந்ததன்று. உழைப்பை மட்டும் விலைக்கு வாங்கும் உற்பத்தி முறையின் இயல்பான விளைவு என்பது மனங்கொளத்தக்கது.

3

அங்கொடையிலே பெரியதோர் உளநோய் வைத்தியசாலை 1926 இல் இயங்கத் தொடங்கியது. கொழும்பின் அயலில், மாத்தளையிலிருந்து நூறு கிலோமீற்றருக்கும் அப்பால் அமைந்த அவ்விடத்தின் பெயர் நாளடைவில் வசைச்சொல்லாகவும் மாறியமை இலங்கையர் யாவரும் அறிந்ததே. 1873 ஆம் ஆண்டுச் சட்டம் 1956 இல் திருத்தப்பட்டு, உளநோய்கள் கட்டளைச் சட்டம் என்ற பெயரைப் பெற்றது. சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டிலேதான். உளநோய்க்கான சிகிச்சையிற் கத்தியும் மருந்தும் போலவே மொழியும் ஒரு கருவியாகும் என்பதை நினைவுகொள்வோர்க்கு இவ்வொற்றுமையின் கனதி புலப்படும். நோயாளி தன் துன்பத்தைச் சொல்லும் மொழியும் அரசு கேட்கும் மொழியும் வேறு வேறாகிய காலமது.

மலையகத் தமிழரைப் பொறுத்தவரையில் இக்காலப்பகுதியின் துயரம் தனிமனித மனங்களிலே தோன்றிய நோயாக மட்டும் காணத்தக்கதன்று. 1948 இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. 1972 இலும் 1975 இலும் நிகழ்ந்த காணிச் சீர்திருத்தங்களின் பின்னர் கண்டி, மாத்தளை மாவட்டங்களின் தோட்டங்கள் பலவற்றிலிருந்து தொழிலாளர் வெளியேற்றப்பட்டனர். 1973, 1974 ஆம் ஆண்டுகளின் பஞ்சத்திலே தோட்டங்களின் மரணவீதம் உயர்ந்தது. 1977 இலும் 1983 இலும் இன வன்செயல் அவர்களது குடியிருப்புகளைத் தீண்டியது. பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெயர்ந்தனர். சிங்கள விவசாயிகளின் பிள்ளைகளும் தப்பவில்லை. 1987 முதல் 1989 வரையான கிளர்ச்சியிலும் அதை ஒடுக்கிய அரச வன்முறையிலும் மாத்தளை மாவட்டத்து இளைஞர் பெருந்தொகையினர் காணாமலாக்கப்பட்டனர். 2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளாகத்திலே 150 க்கும் மேற்பட்ட மனித எச்சங்கள் தோண்டியெடுக்கப்பட்டபோது, அவை எக்காலத்தவை என்பதே பெரும் சர்ச்சைக்குரியதாயிற்று. ஒரு மாவட்டத்தின் நோய் தீர்க்கும் இடத்திலேயே அதன் சொல்லப்படாத துயரமும் புதையுண்டு கிடந்தமை வெறும் குறியீடன்று, வரலாற்று நிகழ்வு.

அரசின் மருத்துவம் எட்டாத இவ்வெளியை மக்கள் தம் கருவிகளைக் கொண்டே நிரப்பினர். கோடங்கியின் உடுக்கும் குறியும், சாமியாடலும், விபூதி மந்திரித்தலும், இழவு வீட்டின் ஒப்பாரியும் இவ்வகையின. மாசியில் நிகழும் காமன் கூத்திலே மன்மதன் எரிந்தபின் ரதி புலம்பும் பகுதியை லயத்து மக்கள் அனைவரும் விடிய விடிய விழித்திருந்து கேட்பர். ஒருத்தியின் புலம்பல் அங்கே பலரது அழுகைக்கு அனுமதியாகிறது. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1983 இல் வெளியான 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் நூலை இலக்கியமாக மட்டுமன்றி உளநல வரலாற்றின் ஆவணமாகவும் படித்தல் தகும். மாத்தளையைச் சேர்ந்த மலரன்பன், மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன் ஆகியோரின் சிறுகதைகளுக்கும் இது பொருந்தும். அவற்றிலே துயரம் ஒருவருக்கு உள்ளே இருப்பதாகவன்றி, துரைக்கும் தொழிலாளிக்கும், லயத்துக்கும் பங்களாவுக்கும், கணவனுக்கும் மனைவிக்கும் இடையே இருப்பதாகவே சித்திரிக்கப்படுகிறது.

ஆயினும் மரபைப் போற்றுவதோடு நின்றுவிடல் கூடாது. பேயோட்டுதல் என்ற பெயரிற் பெண்கள் அடிபட்டதும் உண்டு. சடங்குகளிற் சாதிப்படிநிலை பேணப்பட்டதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, தோட்டத்து ஆண்களுக்கு மிக எளிதாகக் கிடைத்த உளநலக் கருவி தவறணைச் சாராயமும் கசிப்புமே என்பதை மறைத்தல் நேர்மையாகாது. துயரத்தை மறக்கச் செலவிட்ட கூலி வரியாக அரசுக்குத் திரும்பிற்று. மறதியின் விலையை மனைவியும் மக்களும் செலுத்தினர்.

4

தொலைபேசி உளநலக் கருவியாக மாறிய வரலாறு 1953 இல் இலண்டனிலே சாட் வாரா என்னும் மதகுரு தொடங்கிய பணியோடு இணைத்துப் பேசப்படுவது வழக்கம். சமாரிட்டன்ஸ் எனப் பின்னர் பெயர்பெற்ற அவ்வியக்கத்தின் முறையைத் தழுவி 1974 இல் இலங்கையிலே சுமித்ரயோ அமைப்பை ஜோன் டி மெல் நிறுவினார். மருத்துவர் அல்லாத ஒருவர், அறிவுரை கூறாது, கேட்டுக்கொண்டிருத்தலே உதவியாகும் என்ற கொள்கை இலங்கைக்கு இவ்வழியே வந்தது. அதன் மனிதநேயம் மறுக்கற்பாலதன்று. ஆயின் 1974 ஆம் ஆண்டிலே தோட்டத்தில் தொலைபேசி இருந்த இடங்கள் துரையின் பங்களாவும் தோட்டக் காரியாலயமுமே. மனக்குறையைச் சொல்வதற்கான கருவி, அக்குறைக்குக் காரணமானோரின் மேசைமேல் இருந்தது.

இதன் பின்னர் வந்த இரு தசாப்தங்களில் இலங்கை உலகிலேயே மிகக் கூடிய தற்கொலை வீதமுடைய நாடுகளுள் ஒன்றாயிற்று. 1995 இல் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்ற உச்சத்தை அது எட்டியது. அதன்பின் நிகழ்ந்த வீழ்ச்சி உலகப் பொதுச் சுகாதார வரலாற்றிற் பெரிதும் பேசப்படுவதாகும். பத்தாண்டில் வீதம் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது. 1986 - 1995 காலப்பகுதியோடு ஒப்பிடுகையில் 1996 - 2005 காலப்பகுதியில் ஏறத்தாழ 20,000 உயிரிழப்புகள் குறைந்தன என 2007 இல் வெளியான டேவிட் கனல் முதலானோரின் ஆய்வு காட்டியது. மிக நச்சுத்தன்மை வாய்ந்த பூச்சிகொல்லிகளின் இறக்குமதியை 1995 இலும் 1998 இலும் அரசு தடைசெய்தமையே இதற்குத் தலையாய காரணமென அவர்கள் கண்டனர். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப்பிரிவும் 1998 இல் நீக்கப்பட்டது.

இவ்வரலாறு நமது விவாதத்துக்கு இன்றியமையாதது. பல்லாயிரம் உயிர்களைக் காத்த இம்மாற்றம் ஒவ்வொரு மனத்தையும் தனித்தனியே திருத்தியதாற் கிட்டியதன்று. அக்காலத்து விவசாயிகளின் கடன் தீரவில்லை, துயரும் தீரவில்லை. துயருற்ற கணத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எது இருக்கிறது என்ற பௌதிக நிலை மாறியது. அதை மாற்றியது அரசின் தலையீடு. உளநலம் என்பது மனத்துக்குள் மட்டும் நிகழ்வதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

5

கணினியோடு மனம்விட்டுப் பேசும் வழக்கம் 1966 இல் ஜோசப் வைசன்பாம் என்பார் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் உருவாக்கிய எலிசா என்னும் நிரலிலிருந்து தொடங்குகிறது. உள மருத்துவர் ஒருவரைப் போன்று, சொன்னதையே வினாவாகத் திருப்பிக் கேட்கும் எளிய நிரல் அது. அதனோடு உரையாடத் தொடங்கிய அவரது செயலாளர், சிறிது நேரத்தில் அவரை அறையை விட்டு வெளியேறுமாறு கேட்டுக்கொண்டார் என வைசன்பாம் பதிவு செய்துள்ளார். இயந்திரத்தின்மீது மனிதர் கொள்ளும் மயக்கத்துக்குச் சான்றாக இந்நிகழ்வு எடுத்துக்காட்டப்படுவதுண்டு. நமக்கு அதிலே வேறொரு செய்தி முக்கியமாகிறது. அச்செயலாளரிடம் பிறரை வெளியே போகச் சொல்வதற்கு ஓர் அறை இருந்தது.

லயக்காம்பரா என்பது பத்துக்குப் பன்னிரண்டு அடி எனப் பொதுவாகக் குறிப்பிடப்படும் ஓர் இடம். வரிசையாக ஒட்டிக் கட்டப்பட்ட காம்பராக்களில் அயலவரின் இருமலும் கேட்கும். மூன்று தலைமுறையினர் ஒரே கூரையின் கீழ் உறங்கும் வீடுகளும் உள. தனி வீட்டுத் திட்டங்கள் அண்மைக் காலத்தில் ஓரளவு முன்னேறியுள்ளனவாயினும், பல குடும்பங்கள் இன்றும் லயங்களிலேயே வாழ்கின்றன. 'அந்தரங்கமாகப் பேசுங்கள், யாருக்கும் தெரியாது' என்று ஓர் உளவளத்துணைச் சேவை அழைப்பு விடுக்கும்போது, அவ்வழைப்பை ஏற்கும் பெண் எங்கே நின்று பேசுவாள்? கணவனைப் பற்றிச் சொல்ல வேண்டியதைக் கணவன் கேட்கச் சொல்வாளா? மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சுவருக்கு அப்பால் இருப்பவர் கேட்கச் சொல்வாளா? தனிமை இங்கே மனப்பாங்கின் பிரச்சினையாக எழவில்லை. சதுர அடியின் பிரச்சினையாக எழுகிறது.

கைபேசியும் அவ்வாறே. தோட்டக் குடும்பங்கள் பலவற்றில் நல்ல கைபேசி ஒன்றே இருக்கும். அது குடும்பத்தின் பொதுப்பொருள். 2020, 2021 ஆம் ஆண்டுகளிலே பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது பிள்ளைகளின் படிப்புக்கெனக் கடன்பட்டு அதை வாங்கியோர் பலர். அலைவரிசை கிடைக்க மலையுச்சிக்குப் பிள்ளைகள் ஏறிய செய்திகள் அக்காலத்து நாளேடுகளில் வந்தன. 2022 இன் பொருளாதார நெருக்கடியிலே மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. அதே ஆண்டு செப்ரெம்பரில் கைபேசிக் கட்டணங்கள் 20 சதவீதத்தால் உயர்ந்தன. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக 2021 இலும் 1,350 ரூபாவாக 2024 இலும் நிர்ணயிக்கப்பட்டமை, நெடிய போராட்டங்களின் பின்னரே என்பதையும் இங்கு சேர்த்து நோக்குதல் வேண்டும். கடன் வசூலிப்பவர் அழைப்பதும் இதே கைபேசியிலேயே. ஆறுதல் வரும் கருவியும் அச்சுறுத்தல் வரும் கருவியும் ஒன்றாயிருக்கும்போது, மணி ஒலிக்கையில் அதை எடுப்பதற்கே நெஞ்சு படபடக்கிறது.

அடுத்தது மொழி. மனச்சோர்வை அளவிட உலகெங்கும் வழங்கும் ஒன்பது வினாக்கொண்ட அளவுகோல் 2001 இல் அறிமுகமாயிற்று. பைசர் மருந்து நிறுவனத்தின் நிதியுதவியோடு உருவான வினாக்கொத்துகளின் வழிவந்தது அது. கைபேசிச் செயலிகள் பலவும் அதையே பயன்படுத்துகின்றன. கடந்த இரு வாரங்களில் களைப்பாக உணர்ந்தீர்களா, உறக்கம் குறைந்ததா, பசி குறைந்ததா என்பன அதன் வினாக்களுட் சில. விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பிரட்டுக்கு நின்று, மலை ஏறி, நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து பறித்து, இரவிலும் வேலை ஓயாத ஒருத்தி 'ஆம், களைப்பாக இருக்கிறது' என்று விடையளித்தால், அளவுகோல் எதை அளந்தது? அவளது நோயையா, அவளது வேலைநாளையா? பேராதனையிற் பணியாற்றிப் பின்னர் பிரின்ஸ்டனிற் பேராசிரியராக விளங்கிய கணநாத ஒபேசேகர 1985 இல் எழுதிய கட்டுரையொன்றில், மேற்கிலே மனச்சோர்வு என வகைப்படுத்தப்படும் உணர்வுகள் பௌத்த இலங்கையில் வாழ்வின் இயல்பு குறித்த தத்துவமாக உருப்பெறுவதைச் சுட்டினார். அவரது வாதத்தை நாம் பண்பாட்டோடு நிறுத்தாது உழைப்புக்கும் நீட்டல் வேண்டும். 'மனசு சரியில்ல', 'நெஞ்சு அடைக்குது', 'பயந்த கோளாறு' என்று தோட்டத்திலே சொல்லப்படுவன வெறும் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கும் நோய்ப்பெயர்கள் அல்ல. வாழ்நிலை பற்றிய கூற்றுகளுமாகும்.

தேசிய உளநல நிறுவகம் என இன்று பெயர்பெற்றுள்ள அங்கொடை வைத்தியசாலை 1926 என்னும் இலக்கத்திலே தொலைபேசி உதவிச் சேவையை நடத்துகிறது. மும்மொழிகளிலும் இயங்குவதாக அறிவிக்கப்பட்டுள்ள அச்சேவை வரவேற்கத்தக்கது. அடைத்துவைக்கும் இடமாக அறியப்பட்டதன் தொடக்க ஆண்டு, செவிமடுக்கும் இலக்கமாக மாறியமை வரலாற்றின் ஒரு முன்னேற்றமே. ஆயின் மும்மொழிக் கொள்கையின் உண்மையான அளவுகோல் அறிவித்தலில் இல்லை. மலையகப் பேச்சுவழக்கில் நள்ளிரவில் ஒருவர் அழும்போது, அவ்வழக்கைப் புரிந்த ஒருவர் மறுமுனையில் இருக்கிறாரா என்பதில் உள்ளது.

இறுதியாக நம்பிக்கை. உளநலச் செயலிகளிற் பெரும்பாலானவை தனியார் முதலின் பண்டங்கள். 2017 இல் வெளியாகி உலகப் புகழ்பெற்ற வோபொட் என்னும் உரையாடற் செயலி 2025 யூன் மாதத்துடன் மூடப்பட்டது. அதனோடு பேசிப் பழகியோர் புதியதைத் தேட வேண்டியதாயிற்று. ஊர்க்கிணற்றை ஒருவர் தம் சொத்தெனக் கருதி மூடிவிடுவதை ஒத்தது இது. இணையவழி உளவளத்துணையை விற்கும் பெற்றர்ஹெல்ப் நிறுவனம், பயனாளரின் தகவல்களை விளம்பர நோக்கில் முகநூல் முதலியவற்றுக்கு வழங்கிய விவகாரத்தில் 78 இலட்சம் டொலர் செலுத்துமாறு 2023 இல் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு பணித்தது. இலங்கையிலே தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் சட்டம் 2022 இல் நிறைவேறிய போதிலும், அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது 2025 இற் பிற்போடப்பட்டது. 1983 இலே வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகள் தேடப்பட்டதை அறிந்த ஒரு சமூகம், தன் மனத்தின் பட்டியலை எவரிடமோ ஒப்படைக்கத் தயங்குமாயின், அத்தயக்கத்தை அறியாமை என அழைத்தல் பொருந்தாது. அது வரலாற்று அறிவு.

6

இவற்றாற் கருவிகளை ஒதுக்கிவிட வேண்டும் என்பது பெறப்படுவதன்று. தன்னைத்தானே வருத்திக்கொண்டு வைத்தியசாலைக்கு வந்த 68 பேரைக் கொண்டு இலங்கையில் நடத்தப்பட்டு, 2012 இல் வெளியான மரசிங்க முதலானோரின் ஆய்வு, கைபேசிவழித் தொடர்பும் ஆதரவும் மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் குறைக்க உதவியமையைக் காட்டியது. அவ்வுதவி வெறும் செயலியினாற் கிட்டியதன்று என்பதும் கவனிக்கத்தக்கது. நேரிற் கண்ட சந்திப்பும் பயிற்சியும் அதனோடு இணைந்திருந்தன. ஊருக்குத் தெரியும் என்ற அச்சத்தால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவு வாசலை மிதிக்கத் தயங்குவோர்க்கு, ஓசையின்றித் தட்டச்சிடும் குறுஞ்செய்தி ஒரு மறைவிடமாகலாம் என்ற வாதமும் வலுவுடையதே. ஆயின் அம்மறைவிடம் எழுத்தறிவையும் தனக்கென ஒரு கைபேசியையும் வேண்டி நிற்கிறது. அவ்விரண்டும் உள்ள இளந்தலைமுறையினர்க்கு அது உதவும். மூத்த பெண் தொழிலாளர்க்கு உதவாது.

மக்கள் ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட கருவிகளையும் ஆய்வாளர் காணத் தவறுகின்றனர். மத்திய கிழக்கில் வீட்டுப்பணி செய்யும் தாயோடு வட்ஸ்அப்பில் நாள்தோறும் பேசும் மகள், ஒப்பந்தத்தால் நீலகிரிக்குப் பெயர்ந்த உறவினரைத் திரையிற் காணும் முதியவர் ஆகியோரை எந்தப் புள்ளிவிபரமும் 'உளநலக் கருவியை ஏற்றோர்' எனக் கணக்கிடுவதில்லை. அவர்கள் செய்வதோ, பிரிக்கப்பட்ட குடும்பத்தை அன்றாடம் மீளக் கட்டும் உளநலப் பணியேயாகும்.

கருவி எவ்வாறு சமூகமயப்படலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைத் தமிழகத்திலே காணலாம். மலையக மக்களின் மூதாதையர் புறப்பட்ட பகுதிகளுள் ஒன்றாகிய புதுக்கோட்டை மாவட்டத்தில், சென்னையின் மனச்சிதைவு ஆய்வு நிறுவனமான ஸ்கார்ப் 2010 இல் நடமாடும் தொலை உளமருத்துவச் சேவையொன்றைத் தொடங்கியது. பேருந்து ஒன்று ஆலோசனை அறையாக மாற்றப்பட்டுக் கிராமங்களுக்குச் சென்றது. நோயாளி அதனுள் அமர்ந்து சென்னையிலுள்ள மருத்துவரைத் திரையிற் கண்டு பேசினார். மருந்து அங்கேயே இலவசமாகக் கிடைத்தது. அவ்வூரைச் சேர்ந்த பயிற்சிபெற்ற பணியாளர் வீட்டுக்குச் சென்று தொடர்ந்து கவனித்தனர். திரை அங்கே தனியாக வரவில்லை. அறையும் மருந்தும் ஆளும் மொழியும் அதனோடு சேர்ந்து வந்தன. ஏற்பு அதன் விளைவு.

மாத்தளையில் ஒரு இலட்சம் பேருக்கு ஓர் உளமருத்துவரையேனும் அனுப்ப இயலாத நிலையில் தொழில்நுட்பத்தை நாடுதல் தவிர்க்க முடியாதது என்பர். ஏற்கலாம். ஆயின் மருத்துவரின் பற்றாக்குறைக்குப் பதிலாகக் கருவியை அனுப்பிவிட்டு, அதைப் பயன்படுத்தும் பொறுப்பை நோயாளியின் தலையிற் சுமத்துவது 1872 இன் தருக்கத்தைப் புதிய மொழியிற் சொல்வதேயாகும். அன்று தொழிலாளியின் மனம் கணக்கில் வரவில்லை. இன்று அது அவரது சொந்தக் கணக்கில் எழுதப்படுகிறது. ஆகவே உளநலக் கருவிக்கான கோரிக்கையைத் தனி வீட்டுக்கான கோரிக்கையிலிருந்தும், நிலவுரிமையிலிருந்தும், நியாயமான சம்பளத்திலிருந்தும் பிரித்தல் இயலாது. ஒவ்வொரு தோட்டத்திலும் கதவு சாத்தக்கூடிய ஒரு பொது அறை, அங்கே கட்டணமற்ற இணைப்பு, மலையகத் தமிழ் அறிந்த பயிற்சிபெற்ற பெண் பணியாளர், வேலை நேரத்திற் சம்பளம் இழக்காது அங்கு செல்லும் உரிமை, தரவு தோட்ட நிர்வாகத்தின் கையில் சேராது என்ற சட்ட உறுதி ஆகியன உடனடியாகச் செய்யத்தக்கவை. இவற்றுக்குப் பெரும் முதலீடு வேண்டுவதில்லை. தொழிற்சங்கங்கள் இவற்றைச் சம்பளப் பேச்சுவார்த்தைக்குரிய விடயங்களாகக் கருதுதல் வேண்டும்.

2023 இல் மலையகத் தமிழரின் வருகையின் இருநூறாண்டு நினைவாக, யூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. முன்னோர் வீழ்ந்த பாதையை மீண்டும் நடந்தவர்கள் தமது துயரத்துக்குத் தனிமனித நோய்ப்பெயர் எதையும் தேடவில்லை. அதற்குரிய வரலாற்றுப் பெயரைச் சொன்னார்கள். அதனோடு நிலமும் வீடும் சமத்துவமும் கேட்டார்கள். துயரத்தின் காரணத்தைக் கூடிநின்று பெயரிடுவது குணமடைதலின் ஒரு பகுதி என்றால், இந்நடை மாத்தளையின் உளநல வரலாற்றிலும் இடம்பெற வேண்டியதாகும். கைபேசிக் கருவிகள் இத்தகைய கூட்டுச் செயலுக்குத் துணைநிற்கும்போது மக்கள் அவற்றைத் தயக்கமின்றி எடுத்துக்கொள்வர். ஒவ்வொருவரையும் தத்தம் துயரோடு தனித்து விடுவதற்கு அவை பயன்படுமாயின், அவை கைக்கு எட்டினாலும் வாழ்வுக்கு எட்டா.